ஹாஃப் டோமா, கிளவுட்ஸ் ரெஸ்ட்டா? லாட்டரி போடும் முன் ஒரு கணக்கு

பிப்ரவரி கடைசி வாரம் வந்தால் போதும், கலிஃபோர்னியாவில் எங்கள் ஃப்ரீமாண்ட் ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாராவது அந்தப் படத்தைப் போட்டுவிடுவார்கள். யோசெமிட்டி தேசியப் பூங்காவின் ஹாஃப் டோம்தான் அது: செங்குத்தாக நிற்கும் சாம்பல் நிறப் பாறை, அதன் முதுகில் எறும்பு வரிசை போல மனிதர்கள், இரண்டு பக்கமும் இரும்புக் கேபிள். “இந்த வருஷம் போட்டுடலாமா?” என்று கீழே ஒரு கேள்வி. பத்துப் பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். பிறகு மார்ச் 31 இரவு ஒருவர், அதில் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டுக்கு, அதாவது பர்மிட்டுக்கு நடக்கும் லாட்டரியில் அரக்கப் பரக்க விண்ணப்பம் போடுவார். கேட்டதெல்லாம் சனிக்கிழமைகளாக இருக்கும். ஏப்ரல் நடுவில் ‘கிடைக்கவில்லை’ என்று மின்னஞ்சல் வரும். யோசெமிட்டிப் பேச்சு அடுத்த பிப்ரவரி வரை தூங்கப் போய்விடும்.

நான் ஹாஃப் டோமுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். ஒரு முறை உச்சி, ஒரு முறை கேபிளின் அடி வரை வந்துவிட்டுத் திரும்பினேன். அதே பூங்காவின் இன்னொரு உச்சியான கிளவுட்ஸ் ரெஸ்ட்டுக்கும் இரண்டு முறை. ஹாஃப் டோம் போகும் வழியில், லிட்டில் யோசெமிட்டி வேலி என்ற மேட்டுப் பள்ளத்தாக்கில் ஒரு ராத்திரி கூடாரத்தில் படுத்திருக்கிறேன், சரியாகத் தூங்கவில்லை. இந்த அனுபவத்தில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் தடவை பெரிய ஏற்றம் போகிறவர்களுக்கு என் ஓட்டு கிளவுட்ஸ் ரெஸ்ட்டுக்குத்தான். ஹாஃப் டோம் மட்டமென்று சொல்ல வரவில்லை. அதன் பர்மிட்டில் ஒரு தேதி அச்சாகியிருக்கிறது, அந்தத் தேதிதான் எனக்குப் பயம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஹாஃப் டோம். கடல்மட்டத்திலிருந்து 8,800 அடிக்குக் கொஞ்சம் மேலே உச்சி. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் தரையில், ஹாப்பி ஐல்ஸ் என்ற இடத்தில் நடை தொடங்குகிறது. அங்கிருந்து 4,800 அடி ஏற வேண்டும். மிஸ்ட் ட்ரெயில் வழியாகப் போய் வந்தால் சுமார் 14 மைல், ஜான் மியூர் ட்ரெயில் வழியாக 16 மைலுக்கு மேல். நம் கணக்கில் 23 முதல் 27 கிலோமீட்டர். பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் என்று பூங்கா நிர்வாகம் சொல்கிறது. எங்கள் கூட்டத்துக்குப் பதின்மூன்று ஆனது, அதில் ஒன்று புகைப்படத்துக்கே போயிற்று.

பாறையின் பெருமை பெரிது. கலிஃபோர்னியாவுக்கென்று 2005-ல் வெளியிட்ட கால் டாலர் நாணயத்தில் இயற்கை ஆர்வலர் ஜான் மியூருக்கு எதிரே நிற்பது இதுதான். நார்த் ஃபேஸ் ஜாக்கெட்டில் இருக்கும் மூன்று வளைகோடுகளும் இதே பாறைதான். இதன் உச்சியில் மனிதக் கால் படவே போவதில்லை என்று 1860-களில் மாநில நிலவியல் ஆய்வுக் குழு எழுதி வைத்தது. 1875 அக்டோபரில் ஜார்ஜ் ஆண்டர்சன் என்பவர் பாறையில் துளை போட்டு, இரும்பு ஆணி அடித்து, அதில் கால் வைத்துக் கால் வைத்து ஏறிவிட்டார். இன்றைக்கு இருக்கும் கேபிள் வழியைச் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 1919-ல் போட்டது. கடைசி 400 அடி அதுதான். இடுப்பு உயரத்தில் இரண்டு கேபிள்கள், கிட்டத்தட்ட பத்தடிக்கு ஒரு மரக்கட்டை, சாய்வு சுமார் 45 பாகை. எண்ணைக் கேட்டால் ஏதோ ஏணிபோலத் தோன்றும். அடியில் போய் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் வயிற்றில் ஏதோ புரளும்.

நூறு வருஷமாக லட்சக்கணக்கான காலணிகள் தேய்த்ததில் இரண்டு கேபிள்களுக்கு நடுவே இருக்கும் பாறை வழவழவென்று ஆகிவிட்டது. நம் ஊர்க் கோயில் படிக்கட்டின் நடுப்பகுதி தேய்ந்து பளபளக்குமே, அப்படி. காய்ந்திருக்கும்வரை ரப்பர் அடி பிடித்துக்கொள்ளும். நாலு தூறல் விழுந்தால் எண்ணெய் தடவின மாதிரி. இங்கே நடந்த பெரும்பாலான சாவுகள் பாறை ஈரமாக இருந்தபோது நடந்தவை. 2024 ஜூலையில்கூட, மழை வந்ததும் அப்பாவோடு இறங்கிக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவி வழுக்கி விழுந்து இறந்துபோனார். 1985 ஜூலையில் உச்சியில் இடி விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். கோடையில் சியரா மலைத்தொடரின் மேகம் காலையில் தெரியாது, பகல் பன்னிரண்டுக்கு மேல் திரளும். அதனால்தான் விடிவதற்கு முன் நடக்கத் தொடங்க வேண்டும் என்கிறார்கள்.

பர்மிட் கதைக்கு வருவோம். கூட்டம் தாங்காமல் 2010-ல் வார இறுதிகளுக்கும் விடுமுறை நாட்களுக்கும் பர்மிட் கொண்டுவந்தார்கள், 2011-லிருந்து எல்லா நாளும். கேபிள் நிற்கும் காலத்தில், அதாவது மே கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரை, ஒரு நாளைக்கு 300 பேர். அதில் சுமார் 225 பேர் ஒரே நாளில் போய்வருகிறவர்கள், மீதி கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள். மார்ச் 1 முதல் 31 வரை ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் லாட்டரி. ஒரு விண்ணப்பத்தில் ஆறு பேர் வரை, ஏழு தேதிகள் வரை. சனிக்கிழமையைக் கேட்டவர்களில் ஏமாறுகிறவர்கள் அதிகம், செவ்வாய் புதனுக்குப் போட்டி குறைவு. ஒரே ஆள் இரண்டு விண்ணப்பத்தில் தலைவராகப் பெயர் கொடுத்தால் இரண்டும் செல்லாது. எங்கள் குழுவில் ஒருவர் கெட்டிக்காரத்தனமாக அப்படிச் செய்து எல்லோருடைய வாய்ப்பையும் கெடுத்தார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், ஆனால் அவர் வீட்டு வடைக்காக இன்னும் அவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.

மார்ச்சில் விட்டவர்களுக்குத் தினசரி லாட்டரி உண்டு. நடக்கப்போகும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, நள்ளிரவிலிருந்து மாலை நாலு மணிக்குள் போட வேண்டும். அன்றிரவே முடிவு தெரியும். சுமார் 50 இடங்கள் இதில் கிடைக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டால் சனிக்கிழமை காலை மூன்றரைக்குப் பள்ளத்தாக்கில் நிற்கக்கூடிய ஆட்களுக்கு இதுதான் நல்ல வழி. வானிலை பார்த்துவிட்டுப் போடலாம் என்பது இதன் பெரிய லாபம். வேலைக்குப் போகிற, பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு நடக்கிற காரியமில்லை.

இங்கேதான் நான் சொன்ன தேதி வருகிறது. மார்ச்சில் எழுதிப் போட்டு, ஏப்ரலில் கிடைத்து, லீவு சொல்லி, அறை எடுத்து, நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி, ஏழு மைல் ஏறி, கேபிளின் அடியில் நிற்கிறோம். கிழக்கே ஒரு கறுப்பு மேகம். திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்று நினைக்கிறீர்கள்? இரண்டாவது முறை நான் நின்றது அந்த இடத்தில்தான். மணி ஒன்றரை. உச்சி அதோ தெரிகிறது. “இன்னும் நாப்பது நிமிஷம்தானே, ஓடிப் போய்ட்டு வந்துடலாம் அண்ணா” என்றான் என்னோடு வந்த பையன். திரும்பினோம். இறங்கும்போது அவன் என்னோடு இரண்டு மைல் பேசவில்லை. அன்றைக்கு மழை வந்ததா என்றால், வரவில்லை. நாங்கள் கீழே வரும்வரை ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அதனால் நான் செய்தது தப்பாகிவிடாது என்று நான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கிளவுட்ஸ் ரெஸ்ட்டில் இந்தச் சங்கடம் கிடையாது. ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்கு பர்மிட்டே வேண்டாம். இந்த வாரம் இடி என்றால் அடுத்த வாரம். பாதியில் ஒருவருக்குத் தலைவலி என்றால் திரும்பி, ஏரியில் கால் நனைத்துவிட்டு வீட்டுக்கு வரலாம். யாரும் யாரையும் முறைக்க வேண்டியதில்லை.

இதன் உயரம் 9,926 அடி. ஹாஃப் டோமைவிட ஆயிரம் அடிக்கு மேல் அதிகம். வருஷக்கணக்கில் படத்தில் அண்ணாந்து பார்த்த அந்தப் பாறையை இங்கிருந்து குனிந்து பார்க்கிறோம். கேபிளில் ஊர்கிறவர்கள் கண்ணுக்குப் புள்ளியாகக்கூடத் தெரிய மாட்டார்கள், பைனாகுலர் இருந்தால் தெரியும். ஒரு பக்கம் டெனாயா பள்ளத்தாக்கு வரை நாலாயிரம் அடிக்கு மேல் ஒரே சரிவாக இறங்கும் கிரானைட் பரப்பு. சுற்றிலும் சியராவின் உச்சிகள். ஹாஃப் டோம் உச்சியில் நிற்கிறவருக்கு எல்லாம் தெரியும், ஹாஃப் டோம் மட்டும் தெரியாது. பார்க்கும் சுகத்துக்குப் போகிறவர் என்றால் வாதமே இத்தோடு முடிந்தது.

நடை டெனாயா ஏரியின் தென்மேற்கு முனையில் 8,150 அடியில் தொடங்குகிறது. போய்வர 14 மைலுக்குக் கொஞ்சம் கூட. தொடக்கத்துக்கும் உச்சிக்கும் உயர வித்தியாசம் 1,775 அடிதான். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, ‘அட, ஹாஃப் டோமில் பாதிகூட இல்லையே’ என்று செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுவில் ஏறி இறங்கி ஏற வேண்டியிருப்பதால் கால் கணக்கு இதைவிட அதிகம். முதல் ஒன்றரை மைல் ஓடையைத் தாண்டிக் காட்டுக்குள் சமதளமாகப் போகும். பிறகு ஒரு மைலுக்குள் ஆயிரம் அடி, வளைந்து வளைந்து. அந்த ஒரு மைலில்தான் மலை நம்மை எடை போடுகிறது. அதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் உச்சிக்குப் போய்விடுவார்கள்.

இங்கே கஷ்டம் காலில் இல்லை, காற்றில். ஃப்ரீமாண்ட் கடல்மட்டத்தில் இருக்கும் ஊர். விடிகாலை அங்கே கிளம்பி எட்டு மணிக்கு எண்ணாயிரம் அடியில் நடக்க ஆரம்பித்தால் சிலருக்குத் தலை கனக்கும், சிலருக்குக் குமட்டும். உடல்பயிற்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாரத்தான் ஓடுகிற என் மைத்துனர் முதல் வளைவிலேயே உட்கார்ந்தார், அறுபத்திரண்டு வயது அத்தை பாட்டுக் கேட்டுக்கொண்டே தாண்டிப் போனார். முந்தின ராத்திரி உயரத்தில் எங்காவது தங்க முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஹாஃப் டோம் 4,000 அடியில் தொடங்குவதால் இந்தத் தொல்லை அங்கே குறைவு, அதற்குப் பதிலாக ஜூலை வெயில் பள்ளத்தாக்கில் வறுத்தெடுக்கும்.

உச்சிக்கு முன்னால் கடைசிக் கொஞ்ச தூரம் பாறை முகடு குறுகிவிடுகிறது. சில அடி அகலம்தான், இரண்டு பக்கமும் பள்ளம். கேபிளும் இல்லை, கட்டையும் இல்லை. உயரம் என்றால் பயப்படுகிறவர்கள் ‘கேபிள் இல்லாத மலைதானே’ என்று நம்பி வந்து இங்கே உட்கார்ந்துவிடுவார்கள். கை வைத்துக் குனிந்து நடந்தால் ஆபத்தில்லாத இடம். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். என் மனைவிக்கு நான் சொல்லாமல் விட்டேன். அந்தப் பஞ்சாயத்து வீடு திரும்பும் வழியில் மாண்டிகா ஊர் வரை நீண்டது.

கிளவுட்ஸ் ரெஸ்ட்டுக்கு ஒரு பெரிய குறை, டெனாயா ஏரிக்குப் போகும் டியோகா சாலை. பனிக்காலம் முழுக்க மூடியிருக்கும். வழக்கமாக மே கடைசியிலோ ஜூனிலோ திறப்பார்கள். பனி கொட்டித் தீர்த்த 2023-ல் ஜூலை 22-ம் தேதிதான் திறந்தார்கள். திறந்த உடனே போனால் காட்டுக்குள் பனித்திட்டு, பாதை தெரியாது. பனி உருகினதும் கொசு. டெனாயா கொசுவைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், நம் ஊர் ஆற்றங்கரைக் கொசு இதற்கு முன்னால் சாது. ஆகஸ்ட் நடுவில் அது அடங்கும்போது காட்டுத்தீப் புகை வரும் பருவம் ஆரம்பிக்கும். ஆக, நல்ல காலம் செப்டம்பர். செப்டம்பர் முதல் திங்கள் வரும் லேபர் டே விடுமுறை கழிந்து கூட்டமும் குறைந்திருக்கும். வாகன நிறுத்தம் சின்னது, ஏழு மணிக்கு மேல் போனால் சாலையோரத்தில் இடம் தேட வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: லிட்டில் யோசெமிட்டி வேலியில் தங்கி ஹாஃப் டோம் போவது. முதல் நாள் ஐந்து மைலுக்குள், இரண்டாயிரம் அடி ஏற்றம். நெவாடா அருவிக்கு மேலே மெர்செட் ஆற்றங்கரையில் கூடாரம். மறுநாள் விடியும்போது கிளம்பினால் ஏழு ஏழரைக்குக் கேபிள் அடியில் நிற்கலாம். அந்த நேரத்தில் கேபிளில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். பதினொரு மணிக்குப் போகிறவர்கள் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒரே வழியில் முட்டிக்கொண்டு, சாய்வின் நடுவில் இருபது நிமிஷம் தொங்க வேண்டியிருக்கும். கேபிளில் பயம் உயரத்தால் வருவதைவிடக் கூட்டத்தால் வருவதே அதிகம் என்பது என் அபிப்பிராயம். முன்னால் இருப்பவர் உறைந்துபோய் நின்றுவிட்டால் நமக்குப் போக இடமில்லை.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? இதற்கும் ஒரு லாட்டரி. கூடாரம் போடும் பர்மிட்டில் 60 சதவீதத்தை 24 வாரம் முன்பே வாராந்தர லாட்டரியில் கொடுத்துவிடுகிறார்கள். மீதி 40 சதவீதம் ஏழு நாள் முன்பு காலை ஏழு மணிக்குத் திறக்கும், தட்கல் டிக்கெட் மாதிரி, ஏழு ஒன்றுக்குப் போனால் இருக்காது. கிடைத்தால் அதோடு ஹாஃப் டோம் பர்மிட்டையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். முதுகில் முப்பது பவுண்டு. சாப்பாடு, பற்பசை, வாசனை உள்ள எல்லாவற்றையும் கரடி திறக்க முடியாதபடி செய்த கெட்டி டப்பாவில் பூட்டியே ஆக வேண்டும். நாலு பேருடைய இரண்டு நாள் சாப்பாடு ஒரு டப்பாவில் அடங்காது, அப்பளக்கட்டு எடுத்துவர நினைக்கிறவர்கள் கவனிக்கவும். கூடாரத்தில் தூங்கிப் பழகாதவர் மறுநாள் தூக்கமில்லாத காலோடு கேபிளுக்குப் போகிறார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பே கூடாரம் போட்டுப் பழகிய, நாற்பது வயதுக்குள் இருக்கிற இரண்டு பேர் மூன்று பேர் குழு என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. அங்கிருந்தே இன்னொரு நாள் கிளவுட்ஸ் ரெஸ்ட்டும் போய் வரலாம்.

அதே பூங்காவின் மவுண்ட் டேனா உச்சியைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 13,000 அடிக்கு மேல், டியோகா கணவாயிலிருந்து ஆறு மைல்தான் போய்வர. மேலே பாதையென்று ஒன்றுமில்லை, கற்குவியல். உயரம் ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஹாஃப் டோம் போவதென்று முடிவானால் எந்தப் பக்கம் ஏறுவது? மிஸ்ட் ட்ரெயிலில் ஏறி, ஜான் மியூர் ட்ரெயிலில் இறங்குங்கள். வெர்னல் அருவியை ஒட்டி அறுநூற்றுச் சொச்சம் கல்படிகள், மே ஜூனில் அருவிச் சாரல் மழைபோல நனைக்கும். ஏறும்போது அது சுகம். பன்னிரண்டு மைல் நடந்து முட்டி நடுங்குகிற நேரத்தில், அதே ஈரப்படியில், எதிரே வரும் சுற்றுலாக் கூட்டத்துக்கு ஒதுங்கி ஒதுங்கி இறங்குவது தண்டனை. ஏறுவதற்கு மூச்சு வேண்டும், இறங்குவதற்கு முட்டி வேண்டும் என்று எங்கள் குழுவில் ஒரு பேச்சு உண்டு. மியூர் வழி ஒரு மைலுக்கு மேல் அதிகம், ஆனால் சாய்வு மெதுவானது, இருட்டினாலும் டார்ச் வெளிச்சத்தில் இறங்கலாம்.

வெர்னல் அருவியின் தலையில் எமரால்டு குளம் என்று ஒன்று, பார்க்கக் குளிக்கத் தூண்டும். இறங்காதீர்கள். 2011 ஜூலையில் அருவிக்கு மேலே தடுப்பைத் தாண்டித் தண்ணீரில் இறங்கிய மூன்று பேர் அடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் பிள்ளைகளுக்கு இதைக் காரிலேயே சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஹாஃப் டோம் பாதி தூரம் தாராளம், மீதி தூரம் பாலைவனம். முதல் மைல் முடிவதற்குள் வெர்னல் பாலத்தில் குழாய்த் தண்ணீர் கிடைக்கும். அப்புறம் ஆற்றுத் தண்ணீர், வடிகட்டியோடு. லிட்டில் யோசெமிட்டி தாண்டினால் நம்பி எடுக்க ஒன்றுமில்லை, அங்கே நிரப்பிக்கொண்டுதான் மேலே ஏற வேண்டும். ஆளுக்கு ஒரு கேலன், அதாவது கிட்டத்தட்ட நாலு லிட்டர் என்று நிர்வாகம் சொல்வது மிகையில்லை. கிளவுட்ஸ் ரெஸ்ட்டில் தொடக்கத்து ஓடை, நடுவழியில் ஒரு குட்டை, அவ்வளவுதான். செப்டம்பரில் குட்டையின் நிறத்தைப் பார்த்தால் குடிக்க மனம் வராது. வண்டியிலிருந்தே சுமந்து போகலாம். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது, தலை சுற்றும். இதற்கென்று கடையில் விற்கும் மாத்திரையைவிட எங்களுக்கு வாய்த்தது உப்பு நார்த்தங்காய். புளியோதரை ஒரு கட்டு, நார்த்தங்காய் இரண்டு துண்டு, கொஞ்சம் கடலைமிட்டாய். தயிர்சாதத்தை வெயிலில் எட்டு மணி நேரம் சுமந்தவர்கள் மறுமுறை சுமப்பதில்லை.

கழிப்பறை பற்றி யாரும் எழுதுவதில்லை, பெண்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஹாஃப் டோம் வழியில் வெர்னல் பாலம், அதற்கு மேல் எமரால்டு குளத்தருகே, நெவாடா அருவி, லிட்டில் யோசெமிட்டி என்று நாலு இடத்தில் உண்டு. கிளவுட்ஸ் ரெஸ்ட்டில் வண்டி நிறுத்தும் இடத்தோடு சரி. எங்கள் வீட்டில் ஒரு ஓட்டு இந்த ஒரே காரணத்துக்காக ஹாஃப் டோம் பக்கம் விழுந்தது.

பயிற்சிக்கு வேறெங்கும் போக வேண்டாம், ஃப்ரீமாண்டிலேயே மிஷன் பீக் குன்று இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு அவென்யூ வாசலிலிருந்து போய்வர ஆறு மைல், இரண்டாயிரம் அடிக்குச் சற்று மேல். நிழலே கிடையாது என்பது இங்கே நன்மை. ஒரே நாளில் தொடர்ந்து இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு, மறுநாள் காலை படி இறங்கும்போது சுவரைப் பிடிக்காமல் இறங்க முடிந்தால் ஹாஃப் டோமுக்கு நீங்கள் தயார். ஒரு முறை சுகமாகப் போய்வந்தால் கிளவுட்ஸ் ரெஸ்ட்டுக்குப் போதும். கேபிளுக்குக் கையும் வேண்டும். உடம்பைக் கையால் இழுத்து ஏற வேண்டியிருக்கும். ரப்பர் பூசிய தோட்டக் கையுறையை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். கேபிள் அடியில் யாரோ விட்டுப்போன கையுறைக் குவியல் இருக்குமென்று எதிர்பார்த்துப் போகக் கூடாது.

இன்னொன்று, மலையைவிட எனக்குக் கவலை தருவது: திரும்பும் வண்டி. பன்னிரண்டு மணி நேரம் நடந்தவர் இருட்டில் ப்ரீஸ்ட் கிரேடு மலைச்சாலை வளைவுகளில் இறங்கி, 580 நெடுஞ்சாலையில் கண் சொருக ஓட்டிவருவதுதான் இந்தப் பயணத்தில் மிக ஆபத்தான பகுதி. மலை ஏறாத ஒருவரை ஓட்டக் கூட்டிப்போங்கள், அல்லது வழியில் இருக்கும் குரோவ்லேண்டிலோ ஓக்டேலிலோ ஒரு அறை எடுங்கள். செலவுக் கணக்கில் பர்மிட் ஆளுக்குப் பத்து டாலர், விண்ணப்பத்துக்குப் பத்து டாலர், அறைக்காசுதான் பெரிது. அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எங்கள் குழு இந்த முறை இப்படிச் செய்கிறது. ஆறு பேருக்கு ஒரே விண்ணப்பம், ஏழு தேதியும் செப்டம்பர் செவ்வாய், புதன், வியாழன். மாற்றுத் தலைவர் என்று இன்னொருவர் பெயரையும் சேர்க்கிறோம், ஏனென்றால் பர்மிட்டில் தலைவராகவோ மாற்றாகவோ பெயர் உள்ளவர் நேரில் இல்லாவிட்டால் கேபிளுக்கு முன்னால் வரும் சப்டோம் என்ற சின்னப் பாறைக்குன்றின் அடியில் நிற்கும் பூங்கா ரேஞ்சர் மற்றவர்களை விட மாட்டார். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் லேபர் டேக்குப் பிறகு வரும் முதல் நல்ல சனிக்கிழமை கிளவுட்ஸ் ரெஸ்ட். அதை முடித்தவர்கள் மட்டும் ஹாஃப் டோமுக்கு வரலாம் என்று ஒரு விதி போட்டிருக்கிறோம். அன்றைக்குக் கோபித்துக்கொண்ட பையன்தான் இந்த முறை தலைவர். கேபிள் அடியில் மேகம் தெரிந்தால் திரும்பலாமா என்று முடிவு செய்கிற பொறுப்பை அவனிடமே கொடுத்திருக்கிறேன். பகல் பன்னிரண்டுக்குள் சப்டோம் அடியில் இல்லையென்றால் மேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரும்ப வேண்டும் என்று அவனே எழுதி, குழுவின் முகப்பில் ஒட்டி வைத்திருக்கிறான்.